செத்தவள் கொடுத்த புகார்

போன் அலறியது!

மைசூர். ஜனவரி இருபத்தொன்று, புதன்கிழமை. காலை ஒன்பது பத்து.

சப்-இன்ஸ்பெக்டர் கனகா காபி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள். கன்னடத்தில் ஸ்டேஷன் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் தமிழ் வந்தது... மூச்சு வாங்குகிற தமிழ்.

"ஏனுங்... போலீசுங்களா? ஒரு கொலைக் கேசு குடுக்கோணுமுங்க."

கனகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரைக் கொன்னுட்டாங்க?"

"என்னையத்தானுங்க!"

"என்னது?"

"ஆமாங்க. திங்கக்கெழமையே நான் செத்துப்போயிட்டனாமா. கம்ப்யூட்டர்ல ஏத்திப்போட்டாங்க. எம் பேரு சுந்தராம்பாளுங்க. செத்துப்போன சுந்தராம்பாள்னு எழுதிக்குங்க."

காலங்கார்த்தால இது வேறயா!

"இந்தாம்மா... போலீசுக்குப் பொய்த் தகவல் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அதுக்குன்னே தனி செக்‌ஷன் இருக்கு. தூக்கி உள்ளே வெச்சிடுவேன்!"

"வெய்யுங்க அம்மிணி. ஆனா மொதல்ல ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வந்து பாருங்க. எம் பக்கத்துல சித்தையண்ணன் உக்காந்துட்டிருக்காரு..."

"சரி, அதுக்கென்ன?"

"அவரு நெசமாவே செத்துட்டாருங்க!"

*

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் நமக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிற ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். முன் வாசலில் கண்ணாடிக் கதவு, நீரூற்று, வருகிறவர்களுக்கு குட் மார்னிங் சொல்ல ஒரு பெண்.

அரசாங்கக் காப்பீட்டு கார்டு வைத்திருக்கும் ஏழைகளுக்கு அந்த வாசல் கிடையாது!

அவர்களுக்குப் பின்பக்கம். ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டி ஓர் இரும்பு கேட். டீசல் நாற்றத்துக்கு நடுவே நாலு சிமென்ட் பெஞ்ச்.

மூன்றாவது பெஞ்சில் சித்தையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. கையில் ஒரு பாலிதீன் கவர்... அதற்குள் பத்திரமாகக் காப்பீட்டு கார்டு. முகத்தின் மேல் செக்யூரிட்டி எவனோ ஒரு பழைய பேப்பரைப் போர்த்தியிருந்தான்.

கனகா பேப்பரை எடுத்தாள்.

அதே முழுப்பக்க விளம்பரம்! பல்லைக் காட்டிச் சிரிக்கும் டாக்டர். கீழே பெரிய எழுத்தில், 'உங்கள் உயிர் எங்கள் பொறுப்பு.'

சீ!

ஹெட் கான்ஸ்டபிள் மல்லப்பன் குனிந்து சித்தையனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கன்னடக்காரர்தான். முப்பது வருஷமாகத் தமிழர் காலனிச் சண்டைகளைத் தீர்த்துவைத்தே தமிழ் கற்றுக்கொண்டவர்.

"உடம்பு இன்னும் சூடா இருக்கு மேடம். ஒரு மணி நேரம்தான் ஆயிருக்கும்."

அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் உப்பி, கண்கள் இடுங்கிப் போயிருந்தன. பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய புருஷன்.

"நாந்தானுங்க செத்த சுந்தராம்பாள். இது எங்கூட்டுக்காரரு, காளியப்பன்."

"எந்த ஊரு நீங்க?"

"மார்டள்ளிங்க. கட்டட வேலைக்கு மைசூரு வந்து இருவது வருசமாச்சு."

"எனக்கும் பக்கத்துல ஹனூர்தாங்க்கா. உக்காந்தே சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் சுந்தராம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிட்னி ரெண்டும் போயிருச்சு அம்மிணி. வாரத்துக்கு மூணு தடவ ரத்தத்தைச் சுத்தம் பண்ணோணும். இந்தக் கார்டு இருக்கப்போய் நாலு வருசமா உசுரோட இருக்கறேன். போன வெள்ளிக்கெழம பண்ணுனாங்க. திங்கக்கெழம வந்தா, நீ செத்துட்டே, கார்டை மூடியாச்சு, போ-ங்கறாங்க!"

"சித்தையனுக்கு?"

"அவருக்கும் இதே கதைதானுங்க. ஒம்பதாந் தேதி சுத்தம் பண்ணுனதோட சரி. பத்து நாளா தெனமும் வந்து இந்தப் பெஞ்சில உக்காந்தாரு. சங்கராந்தி முடியட்டும், சர்வர் வரட்டும்னு சொல்லிச் சொல்லியே அலைய விட்டாங்க. இன்னைக்குக் காலைல 'தண்ணி'ன்னாரு. நான் பாட்டிலை நீட்டறதுக்குள்ள..."

காளியப்பன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

*

கனகா இருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். கார்டு கவுன்டரில் வினிதா இருந்தாள். இருபத்தாறு வயது. காக்கியைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சித்தையன் ரெக்கார்டை எடும்மா."

தட்டினாள். திரையில் எழுத்துகள் வந்தன.

'சித்தையன். நிலை: மரணம். தேதி: ஜனவரி 12.'

கனகா இரண்டு தடவை படித்தாள்.

"மல்லப்பன்... இன்னிக்கு என்ன தேதி?"

"இருபத்தொண்ணு மேடம்."

"ஆள் செத்து ஒரு மணி நேரம்தான் ஆச்சு. ஆனா ஒன்பது நாள் முன்னாடியே சாவுத் தேதி எழுதியாச்சு! சாகப்போறது ஒருத்தனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

"ஐயோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் மல்லப்பன்.

கனகா வினிதாவின் பக்கம் திரும்பினாள். "எழுதினது நீதானே?"

"கொத்தில்ல மேடம்... சத்தியமா எனக்குத் தெரியாது!" வினிதா அழுதே விட்டாள். "சாவு என்ட்ரி எதுவும் நான் போடறதில்ல. டிசம்பர்ல காலனி காலனியா சரிபார்ப்பு முகாம் போட்டாங்க. அங்கிருந்து நேரா வருது. இந்த ஆஸ்பத்திரியில மட்டும் டயாலிசிஸ் பேஷண்ட் நாப்பத்தோரு பேர் செத்துட்டதா வந்திருக்கு. அத்தனை பேரும் தினமும் என் முன்னாடி க்யூவில வந்து நிக்கறாங்க மேடம்! மெயில் போட்டேன். எழுதிக் கொடுத்தேன். உன் வேலையைப் பாருன்னுட்டாங்க."

டயாலிசிஸ் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை உருட்டிக்கொண்டே வந்தார். முந்தின நாள் வெளி லேபில் எடுத்த சுந்தராம்பாளின் ரத்த ரிப்போர்ட்டைக் காளியப்பன் நீட்டினான். பார்த்தவர் முகம் மாறியது.

"பொட்டாசியம் எகிறிப் போச்சு. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள டயாலிசிஸ் பண்ணலேன்னா இதயம் நின்னுடும் மேடம்."

"அப்ப பண்ணுங்க!"

"முடியாதே! பேஷண்ட் நம்பர் போட்டாதான் மெஷினுக்கு அனுமதி வரும். இவங்க நம்பர் கார்டோட இணைஞ்சிருக்கு. அதுல மரணம்னு இருக்கு."

"காசு கட்டறோம். நானே கட்டறேன்!"

"பணத்தைக் கட்டினாலும் செத்தவங்க பேர்ல பில் போட முடியாது மேடம். ஆடிட்ல மாட்டினா எங்க லைசென்ஸ் போயிடும்."

"அரசாங்க ஆஸ்பத்திரி?"

"அங்க இவங்களுக்கு முன்னாடி பதினாறு பேர் வெயிட்டிங்."

எதிரே ஒரு பெண் உயிரோடு நிற்கிறாள். மூச்சு விடுகிறாள். அழுகிறாள். ஆனால் திரையில் இல்லை என்கிறதே! அதனால் இல்லையாம்! படித்த மனுஷன் கூச்சமே இல்லாமல் சொல்கிறார்.

"இந்த மூணாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டப்ப நானும் இவளும் கலவை சொமந்தோமுங்க" என்றான் காளியப்பன் யாரிடமோ சொல்வது போல. "அந்த மெசினு இருக்கற ரூமு, நாங்க போட்ட தளந்தான்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தார்.

*

"இதை மாத்த வழியே இல்லையா?" என்றாள் கனகா.

"ஒரே வழி இருக்கு மேடம்." வினிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாவை அறிவிச்சது எந்த உறவுக்காரரோ, அவரே வந்து அதே கட்டைவிரலை மெஷின்ல வெச்சு, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கணும். முகாம்ல வெச்ச ரேகையோட பொருந்தினா பச்சை லைட் எரியும். சுந்தராம்பாளுக்குச் சாவு சொன்னது..."

திரையைப் பார்த்தவள் திகைத்தாள்.

"கணவர் காளியப்பன்!"

எல்லோரும் காளியப்பனைப் பார்த்தார்கள்.

"நானா?" அவன் குரல் உடைந்தது. "எம் பொண்டாட்டி செத்துட்டான்னு நான் சொல்லுவனாங்க? நாக்கு அழுகிப்போயிராதா!"

"வைங்க விரலை!"

வைத்தான். சிவப்பு லைட்.

தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை ஏற்றிக்கொண்டு மறுபடி வைத்தான். சிவப்பு. வேட்டியில் துடைத்து வைத்தான். மறுபடியும் சிவப்பு!

கனகா அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலில் ஒரு கோடுகூட இல்லை. இருபது வருஷச் சிமென்ட் தின்று தீர்த்திருந்தது.

"எம் வெரலு எந்த மெசின்லயும் உழுகாதுங்க. ரேசன் கடையிலயும் இதே ரோதனைதான்."

"அப்ப முகாம்ல எப்படி விழுந்துச்சு?"

"அங்கயும் உழுகலைங்க. கார்டைப் புதுப்பிக்கறோம், ஊட்டுக்காரங்க யாராச்சும் ஒருத்தர் கை வெய்யுங்கன்னாங்க. நாலு தடவ வெச்சுப் பாத்தேன். அந்த சாரு பாவம், பின்னால கூட்டம் நிக்குதேன்னு எங் கையை அக்கட்டால தள்ளிப்போட்டு, அவரு வெரலையே வெச்சு முடிச்சுக் குடுத்துட்டாரு. தங்கமான மனுசனுங்க!"

கனகாவின் புருவங்கள் உயர்ந்தன.

"காளியப்பண்ணா... எந்த சாரு?"

பதில் வருவதற்குள் வாசலில் ஒரு கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

செண்ட் வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே மனோஜ்குமார் வந்தான். காப்பீட்டுப் பட்டியலைச் சரிபார்க்க அரசாங்கம் அமர்த்தியிருக்கும் கம்பெனியின் மைசூர் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை. சரளமான தமிழ்... தமிழர் காலனி முகாம்களுக்கு அவனை அனுப்பியதே அதனால்தான்.

"என்ன மேடம், ஒரு செத்த கேஸுக்கு இவ்வளவு கலாட்டா? பேஷண்ட்ஸ் டிஸ்டர்ப் ஆகறாங்கன்னு போன் வந்துச்சு."

காளியப்பன் முகம் மலர்ந்தது! இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"சார்! நல்லாருக்கீங்களா சார்? அம்மிணி, இவருதானுங்க! நமக்கு ஒதவி பண்ணுன சாரு இவரேதானுங்க!"

மனோஜ்குமார் ஒரு அடி பின்னால் வைத்தான்.

மல்லப்பன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"யா... யாருய்யா நீ? எனக்கு இந்த ஆளைத் தெரியாது மேடம்!"

"தெரியாட்டிப் பரவால்ல சார். இந்த மெஷின் கெட்டுப்போச்சான்னு ஒரு சந்தேகம். உங்க கட்டைவிரலைக் கொஞ்சம் கொடுங்க."

"எதுக்கு? நான் கமிஷனர்கிட்ட பேசணும்... எனக்கு லாயர்..."

கனகா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஹனூர்ப் பிடி! இழுத்து மெஷினில் அழுத்தினாள்.

பீப்...

பச்சை!

'உறவினர் சரிபார்க்கப்பட்டார். பெயர்: காளியப்பன். உறவு: கணவர்.'

"சுந்தராம்பாளக்கா!" என்றாள் கனகா. "உங்க புருஷனைக் கண்டுபிடிச்சாச்சு, பாருங்க. செண்ட் எல்லாம் போட்டுட்டு வந்திருக்காரு!"

"அடத் தூ!" என்றாள் சுந்தராம்பாள்.

"வினிதா, மத்தவங்க ரெக்கார்டையும் ஒண்ணொண்ணா திற!"

நாற்பத்தோரு பேருக்கும் அவன் விரலை வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு, சிவப்பு, பச்சை... சிவப்பு, பச்சை... ரேகை விழாத கை வந்தபோதெல்லாம் அவன் விரலே விழுந்திருந்தது. மொத்தம் ஏழு பச்சை. மற்றவை, கார்டு புதுப்பிப்பு என்று நம்பி உறவுக்காரர்களே வைத்த ரேகைகள்.

"மூணு பேருக்குப் புருஷன், ரெண்டு பேருக்கு அண்ணன், ஒருத்தருக்கு மருமகன்" என்று மல்லப்பன் வாசித்தார். "பெரிய குடும்பஸ்தன் மேடம்!"

"ஏழாவது?"

"சித்தையன். உறவு... மகன்."

"சித்தையண்ணனுக்குப் புள்ளையே இல்லீங்களே!" என்றாள் சுந்தராம்பாள்.

கனகா மனோஜ்குமாரின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"மகன்னு விரல் வெச்சிருக்கே. உங்கப்பன் வெளியே பெஞ்சிலதான் உக்காந்திருக்காரு. வாடா, வந்து கொள்ளி வை!"

*

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஏ.சி. ரூமிலேயே!

"மேடம், நான் கொலைகாரன் இல்ல! ஒரு ஆளைத் தொட்டதில்ல!"

"தொடாமலே கொன்னுருக்கே. சொல்லு!"

"பட்ஜெட்ல காப்பீட்டுக்கு நிதியைக் குறைக்கப் போறாங்க. சும்மா குறைச்சா ஜனங்க கத்துவாங்க. போலி கார்டு ஏகப்பட்டது, அதைத்தான் வெட்டறோம்னு காட்டணும். மூணுல ஒரு பங்கு பேரைக் கழிச்சுக் கொடுங்கன்னு எங்க கம்பெனிக்கு வாய்மொழியா சொன்னாங்க. நானும் நாயா அலைஞ்சு தேடினேன் மேடம்..."

"போலி கிடைச்சுதா?"

அவன் தலைகுனிந்தான். "நாலு பேர்."

"மைசூர் முழுக்க நாலே நாலு பேர்! அதனால மிச்சத்தைச் சாகடிச்சுட்டே?"

"வேற வழி தெரியல. போலின்னு எழுதினா ஆதாரத்தோட வந்து நிப்பாங்க. செத்தவன்னு எழுதினா..." அவன் கதவைப் பார்த்தான். "செத்தவங்க அப்பீல் பண்ண மாட்டாங்க மேடம்."

கனகா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அதுல ஏன்டா டயாலிசிஸ்காரங்களைப் பொறுக்கி எடுத்தே?"

"அவங்களுக்குத்தான் வாரா வாரம் செலவு. ஒரு பேரை எடுத்தா, காய்ச்சல்காரங்க நூறு பேரை எடுத்த மாதிரி. அதுவும் இல்லாம அவங்கல்லாம்... எப்படியும்..."

"எப்படியும்?"

"எப்படியும் கொஞ்ச நாள்ல..."

பளார்!

அறைந்தது கனகா இல்லை. வினிதா! அழுது சிவந்த கண்களோடு நின்றாள். அறைந்த கையைத் தன் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள், எதையோ அசிங்கத்தைத் தொட்டுவிட்டவள் மாதிரி.

"நீங்க பார்த்தீங்களா மல்லப்பன்?" என்றாள் கனகா.

"இல்ல மேடம். கொசு."

சித்தையன் பன்னிரண்டு நாள் சுத்தம் செய்யாத ரத்தத்தோடு அந்த டீசல் புகையில் உட்கார்ந்திருந்தார். இந்த ஜென்மம் அந்தப் பன்னிரண்டு நாளும் ஏ.சி.யில் உட்கார்ந்து பெயர்களைக் கழித்துக்கொண்டிருந்தது. கத்தியால் குத்துகிறவனுக்காவது முகத்தில் கொஞ்சம் பயம் இருக்கும். இவனுக்குச் சட்டைகூடக் கலையவில்லை! அந்தக் கார்டு பிச்சையா? ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துக் கையில் ரேகையைத் தொலைத்தவர்களின் உரிமை. இவனும் இவனை ஏவியவர்களும் யார் அதைப் பிடுங்க?

கையில் விலங்கு ஏறியது. மனோஜ்குமார் பின் வாசல் வழியாக, சித்தையனின் பெஞ்சைத் தாண்டி ஜீப்புக்குக் கொண்டுபோகப்பட்டான்.

"வினிதா, பச்சை எரிஞ்சாச்சு இல்ல? சுந்தராம்பாளக்கா கார்டு திறந்துடுச்சா?"

வினிதா திரையைக் கனகாவின் பக்கம் திருப்பினாள்.

'கோரிக்கை பெறப்பட்டது. தாசில்தாரின் உயிர்ச் சான்றுக்குப் பின், பதினைந்து வேலை நாட்களில் முடிவு தெரிவிக்கப்படும்.'

"பதினைஞ்சு நாளா?"

நாற்பத்தோரு ரெக்கார்டும் வாக்குமூலமுமாகப் பகல் ஓடிவிட்டிருந்தது. மணி நாலே கால். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சுந்தராம்பாள் பெஞ்சில் சரிந்து கிடந்தாள். காளியப்பன் அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"உடுங்க அம்மிணி" என்றாள் சுந்தராம்பாள், கண்ணைத் திறக்காமலே. "கொன்னவனைப் புடிச்சுட்டீங்க. அது போதும். நாலு வருசம் எச்சா இருந்துட்டேன்."

கனகா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டாள். குரல் கல்லாக மாறியது.

"சுந்தராம்பாள்! உங்களைக் கைது பண்றேன்!"

காளியப்பன் பதறி அவள் காலில் விழுந்தான். "அம்மிணி! அவ என்னங்க தப்புப் பண்ணுனா?"

"காலைல ஒன்பது பத்துக்கு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, நான் செத்துட்டேன்னு சொன்னாங்க. நானே கேட்டேன். ஆனா சாகல. உயிரோட இருக்காங்க. போலீசுக்குப் பொய்த் தகவல்! மல்லப்பன், எஃப்.ஐ.ஆர். போடுங்க. க்ரைம் நம்பரை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கற இந்த மெமோவில எழுதுங்க."

மெமோவைக் கிழித்து டாக்டரின் மார்புக்கு நேராக நீட்டினாள்.

"டாக்டர், இவங்க இப்ப என் கைதி. கைதிக்கு உடம்பு சரியில்ல. கைதிக்குக் கார்டு வேண்டாம். க்ரைம் நம்பர் போதும். செலவு அரசாங்கத்தோடது. உங்க மெஷின்ல இந்த நம்பரைப் போடுங்க, அனுமதி வரும்."

"அது... மேடம், மேனேஜ்மென்ட்கிட்ட..."

"கேட்டுக்கிட்டு வாங்க. அதுக்குள்ள என் கைதி உங்க வாசல்ல செத்தா, மாஜிஸ்ட்ரேட் விசாரணை. முதல் சாட்சி நீங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல உங்க ஆஸ்பத்திரிக்கு முழுப்பக்கம், இலவசமா!"

நாலே நிமிஷம்! ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. முன் வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. குட் மார்னிங் பெண் ஒதுங்கி நின்றாள். இருபது வருஷம் உழைத்தவளுக்கு டீசல் பெஞ்ச். குற்றவாளி ஆனதும் கட்டில், மெத்தை, லிஃப்ட்! வெட்கங்கெட்ட கூத்து!

ஐந்து பத்துக்கு மூன்றாவது மாடியில், காளியப்பன் போட்ட தளத்தின் மேல், மெஷின் ஓடத் தொடங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்த காளியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

கனகா மூச்சை இழுத்து விட்டபடி பின் வாசலுக்கு இறங்கி வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றாள்.

இரும்பு கேட்டுக்கு முன்னால் ஒரு க்யூ! வீங்கிய முகங்கள். வீங்கிய கால்கள். ஒவ்வொரு கையிலும் பாலிதீன் கவர். முதல் ஆளாக நின்ற ஒரு பெண் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினாள்.

"அம்மிணி, நானும் செத்துட்டனுங்க. என்னையும் புடிச்சுட்டுப் போங்க!"

"நானும் செத்துட்டேன் மேடம்!"

"நானுந்தானுங்க!"

மல்லப்பன் எண்ணி முடித்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"முப்பத்தொம்பது பேர் மேடம். ஜீப் பத்தாது. பஸ்ஸுக்குச் சொல்லட்டுமா?"

"பஸ் வரட்டும் மல்லப்பன். ஆனா இவங்க யாரும் போன் பண்ணிப் பொய் சொல்லலையே! எந்தக் குத்தத்துக்கு உள்ளே தூக்கறது?"

மல்லப்பன் பேனாவைத் திறந்து எஃப்.ஐ.ஆர். தாளை ஜீப் பானெட்டின் மேல் விரித்தார்.

"கவர்ன்மென்ட்டே செத்துப்போன்னு சொல்லியும் சாகாம வந்து நிக்கறாங்களே மேடம்... அரசாங்க உத்தரவை மீறின குத்தம்!"